ஜெர்மனியில் 'முல்லர்' என்ற குடும்பப் பெயர் ஏன் முதலிடத்தில் இருக்கிறது?

நெக்கார்கரை எழுதியது:

ஷ்டுட்கார்ட்டில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில், இங்கே எல்லா இடத்திலும் இருப்பதுபோல, வாசலில் ஓர் அழைப்பு மணிப் பலகை உண்டு. கதவு எண் கிடையாது. ஒவ்வொரு பொத்தானுக்குப் பக்கத்திலும் அந்த வீட்டாரின் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். எங்கள் பலகையில் முல்லர் இரண்டு இருக்கிறது. ஒரு வீட்டார் முன்னெழுத்தையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள், ஆனாலும் பார்சல் மாறிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

முல்லர் என்றால் அரவை ஆலைக்காரர், மாவரைப்பவர் என்று தெரியும். எனக்குப் புரியாதது வேறு. இடைக்காலத்து ஜெர்மன் கிராமத்தில் முக்கால்வாசிக்கு மேல் உழவர்கள்தானே இருந்திருப்பார்கள்? ஆலை என்பது ஊருக்கு ஒன்று, சில இடங்களில் மூன்று ஊருக்கு ஒன்று. அப்படிப் பார்த்தால் உழவரைக் குறிக்கும் பவர் என்ற பெயர்தான் முதலிடத்தில் இருக்க வேண்டும். ஆலைக்காரர் எப்படி நாட்டிலேயே அதிகம் பேருக்குப் பெயர் கொடுத்தார்? இதைப் படித்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.


கணக்கன் எழுதியது:

முதலில் எண்களை வைத்துவிடுகிறேன், பிறகு காரணத்துக்குப் போகலாம்.

ஜெர்மன் குடும்பப் பெயர்களின் பரவலைப் பற்றிப் பேசும் எல்லோரும் நம்பியிருப்பது 2005ஆம் ஆண்டின் தரைவழித் தொலைபேசி இணைப்புப் பட்டியலை. கைப்பேசி முழுதாக ஆக்கிரமிப்பதற்கு முந்தைய காலம் என்பதால் பெரும்பாலான வீடுகள் அதில் வந்துவிடும். சுமார் 2.8 கோடி தனிவீட்டு இணைப்புகள், சுமார் 8.5 லட்சம் வெவ்வேறு பெயர்கள். இதை வைத்துத்தான் ஃப்ரைபுர்க், மைன்ட்ஸ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த கொன்ராட் குன்ஸே, டமாரிஸ் நுயூப்லிங் இருவரின் தலைமையில் ஏழு தொகுதிகளாகப் பெயர் வரைபட நூல் 2009 முதல் 2018 வரை வெளிவந்தது.

இந்தக் கணக்கில் முல்லர் சுமார் 0.95 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒருவர். அடுத்து ஷ்மிட் 0.69, ஷ்னைடர் 0.4. அதற்குப் பின்னால் ஃபிஷர், மயர், வேபர், ஷுல்ட்ஸ், வாக்னர், பெக்கர், ஹோஃப்மன். இந்தப் பத்தையும் ஒருமுறை தமிழில் படித்துப் பாருங்கள்: ஆலைக்காரர், கொல்லர், தையற்காரர், மீனவர், பண்ணைக் காரியக்காரர், நெசவாளர், ஊர் மணியக்காரர், வண்டித் தச்சர், ரொட்டி சுடுபவர், பண்ணை ஆள். பத்துமே தொழில் அல்லது பதவி. ஊர்ப் பெயரோ, அப்பா பெயரோ, நிறமோ, உருவமோ ஒன்றுகூட இல்லை.

ஒரு எச்சரிக்கை. தொலைபேசி இணைப்பு பெரும்பாலும் வீட்டுத் தலைவர் பெயரில் இருக்கும். அதனால் இது வீட்டுக் கணக்கு, ஆள் கணக்கு இல்லை. ஆனாலும் வரிசை பெரிதாக மாறாது என்றே நினைக்கிறேன்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

நெக்கார்கரை, உங்கள் கேள்வியிலேயே பதிலின் பாதி இருக்கிறது. ஊருக்கு ஒரே ஓர் ஆலைக்காரர் என்பதால்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

குடும்பப் பெயர் எதற்காக வந்தது என்று பாருங்கள். 12ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் ஜெர்மன் நிலத்தில் ஆளுக்கு ஒரே பெயர்தான். நகரங்கள் வளர்ந்தன, ஆவணங்கள் பெருகின. அதே நேரத்தில் மக்கள் வைத்த பெயர்கள் சுருங்கிப் போயின. யோஹான்னஸ், ஹைன்ரிக், கொன்ராட் என்று ஒரு சில பெயர்களையே எல்லோரும் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். ஒரே தெருவில் நான்கு ஹான்ஸ் இருந்தால் வரி எழுதுகிறவர் என்ன செய்வார்? பக்கத்தில் ஓர் அடையாளம் சேர்ப்பார். ரைன் ஆற்றங்கரை நகரங்களிலும் தெற்கிலும் முதலில் தொடங்கி, பிறகு வடக்குக்கும் கிழக்குக்கும், நகரத்திலிருந்து கிராமத்துக்கும் இந்த வழக்கம் நகர்ந்தது. மூன்று நான்கு நூற்றாண்டுகள் பிடித்தது.

அடையாளம் என்றால் பிரித்துக் காட்ட வேண்டும். உழவர் நிறைந்த ஊரில் "உழவர் ஹான்ஸ்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "ஆலைக்கார ஹான்ஸ்" என்றால் ஊரில் ஒருவர்தான். கொல்லரும் அப்படியே.

பழைய பத்திரங்களில் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். முதல் கட்டத்தில் பெயருக்கும் தொழிலுக்கும் நடுவில் 'டேர்' என்ற சுட்டு நிற்கும்: "குன்ராட் டேர் முல்லர்". இன்னும் அது தொழில்தான். அடுத்த தலைமுறைகளில் அந்தச் சுட்டு மெல்ல விழுந்துவிடும். கடைசியில் "ஹான்ஸ் முல்லர், கொல்லர்" என்று ஓர் ஆள் வருவார். அங்கே சந்தேகமே இல்லை, பெயர் தொழிலைவிட்டுக் கழன்றுவிட்டது. பரம்பரைப் பெயர் என்று துணிந்து சொல்ல ஆய்வாளர்கள் தேடுவது இந்த மாதிரி வரியைத்தான்.

ஆலைக்கு இன்னொரு சிறப்பும் இருந்தது. நீர்ச்சக்கர ஆலை கட்டப் பெரிய முதல் வேண்டும்: வாய்க்கால், மதகு, சக்கரம், கல். அதைக் கட்டியவர் பெரும்பாலும் நிலப்பிரபு அல்லது மடம். நடத்துபவர் குத்தகைக்காரர். பல இடங்களில் அந்தக் குத்தகை வாரிசு முறையில் மகனுக்குப் போனது. அப்பாவும் மகனும் பேரனும் அதே ஆற்றோரக் கட்டடத்தில் அதே தொழிலைச் செய்தால், பெயர் பரம்பரையாக உறைவதற்கு அதைவிட வசதியான சூழ்நிலை வேறு இல்லை.


கோவை_மாணவி எழுதியது:

நான் ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருக்கிறேன். ஏட்டுச்சுவடி ஐயா சொன்னது புரிகிறது. ஆனால் பவர் என்ற பெயரும் முன்வரிசையில் வருகிறதே? உழவர் என்பது பிரித்துக் காட்டாது என்றால் அது எப்படி வந்தது?


ஏட்டுச்சுவடி எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. பவர் அதிகம் இருப்பது பவேரியாவில். நகரத்துக்குக் குடிபெயர்ந்த உழவரை அங்கிருந்தவர்கள் அப்படி அழைத்திருக்கலாம், அங்கே அது பிரித்துக் காட்டும். அதோடு, உழவர்கள் பெயர் வரிசையிலிருந்து காணாமல் போகவில்லை, வேறு பெயர்களுக்குள் இருக்கிறார்கள். நிலத்தை எந்த உரிமையில் வைத்திருந்தார்களோ அதை வைத்துப் பெயர் வந்தது. ஹூபர் என்றால் ஒரு முழு 'ஹூபெ' அளவு நிலம் வைத்திருந்தவர். லேமன் என்றால் மானியமாக நிலம் பெற்றவர். மயர் என்பது மேலாளரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; பிரபுவின் பண்ணையை நிர்வகித்தவர், பிற்காலத்தில் பெருங்குத்தகைக்காரர். இவர்களையெல்லாம் சேர்த்தால் ஏர் பிடித்த குடும்பங்கள் முல்லர்களை எளிதில் தாண்டிவிடும்.


கணக்கன் எழுதியது:

ஏட்டுச்சுவடி, "ஊருக்கு ஒருவர்" என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை. இரண்டு தடைகள் சொல்கிறேன்.

முதலாவது, வேபர். நெசவாளர் ஊருக்கு ஒருவர் கிடையாது. துணி நகரங்களில் தெருத்தெருவாக இருந்தார்கள். அந்தப் பெயர் முதல் பத்தில் இருக்கிறது.

இரண்டாவது, குயவர். அவரும் ஊருக்கு ஒருவர், பரம்பரைத் தொழில், பானை இல்லாத வீடு கிடையாது. ஆனால் குயவர் பெயர் எதுவும் முன்வரிசையில் இல்லை. ஏன்?

வரைபடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. குயவருக்கு ஜெர்மன் நிலத்தில் ஒரே சொல் இருந்ததே இல்லை. கிழக்கில் டொப்ஃபர், தெற்கில் ஹாஃப்னர், ஹெஸ்ஸன் பக்கம் ஆய்லர், வடமேற்கில் பொட்டர். ஒரு தொழில் நான்கைந்து குடும்பப் பெயர்களாக உடைந்துவிட்டது. பீப்பாய் செய்பவர் நிலைமை இன்னும் மோசம்: வடக்கில் பொட்சர், ஃப்ராங்கோனியாவில் புயூட்னர், பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் பிண்டர், தென்மேற்கில் கியூஃபர், இன்னும் ஷெஃப்லர், ஃபாஸ்பிண்டர். இவர்கள் எல்லோருக்கும் நாடு முழுதும் ஒரே சொல் வழங்கியிருந்தால் பெயர் வரிசையில் எங்கேயோ இருந்திருப்பார்கள். இறைச்சி வெட்டுபவரும் இப்படித்தான்: தெற்கில் மெட்ஸ்கர், கிழக்கில் ஃப்லைஷர், நடுவே மெட்ஸ்லர், ஃப்லைஷ்ஹவர்.

தையற்காரரைக்கூடப் பாருங்கள். ஷ்னைடர் மூன்றாவது இடம். ஆனால் வடக்கில் அதே தொழிலுக்கு ஷ்ரோடர், ஷ்ராடர் என்ற பழைய சொற்கள் இருந்தன. முன்னாள் சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடரின் பெயர் அந்த வகை. ஷ்ரோடர்களையும் சேர்த்தால் தையற்காரர் பங்கு இன்னும் கூடும்.

ஆலைக்காரருக்கு இந்தச் சிதறல் நடக்கவில்லை. அல்ப்ஸ் மலையிலிருந்து பால்டிக் கடல் வரை ஒரே சொல். ஆக, பெயர் வரிசை தொழிலாளர் எண்ணிக்கையை அளக்கவில்லை. அந்தத் தொழிலுக்கான சொல் எவ்வளவு பரந்த நிலத்தில் ஒன்றாக இருந்தது என்பதைத்தான் முக்கியமாக அளக்கிறது. என் முடிவு இது.


ஏட்டுச்சுவடி எழுதியது:

கணக்கன், சொல் ஒன்றாக இருந்தது என்பது சரி. அது ஏன் ஒன்றாக இருந்தது என்பதற்கு மொழி வரலாற்றில் ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் வாதத்துக்கு அது வலு சேர்க்கும்.

கையால் சுற்றி அரைக்கும் திரிகைக்குப் பழைய ஜெர்மானியச் சொல் வேறு இருந்தது. நீர்ச்சக்கர ஆலை ரோமர்களோடு வந்த தொழில்நுட்பம். 'மோலினா' என்ற லத்தீன் சொல்லும் அதோடு சேர்ந்து வந்து, பழைய ஜெர்மனில் 'முலின்' ஆனது. ஆலைக்காரர் 'முலினாரி', பிறகு 'முல்னேரெ'. அந்த 'ல்ன்' ஒலி தேய்ந்து 'ல்ல்' ஆகி முல்லர் பிறந்தது. தேயாமல் நின்ற இடங்களும் உண்டு: பவேரியா, ஆஸ்திரியா பக்கம் முல்னர் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. வடக்கில் தாழ்ஜெர்மன் பேசிய பகுதியில் மொல்லர். ஹாம்புர்கைச் சுற்றி அது நிறைய, எல்லை தாண்டி டென்மார்க்கிலும் பார்க்கலாம். ரைன் கீழ்ப்பகுதியில் 'ஸ்' சேர்ந்து முல்லர்ஸ். மனிதநேயக் கல்வி பரவிய காலத்தில் படித்தவர்கள் சிலர் பெயரை லத்தீனில் மாற்றி மோலிட்டர் ஆனார்கள். எல்லாம் கிளைகள்தான், அடிமரம் அசையவில்லை.

ஆலை என்றால் மாவு ஆலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். சக்கரம் சுற்றினால் எதையும் இடிக்கலாம், அறுக்கலாம், பிழியலாம். லோமுல்லர் என்பவரின் முன்னோர் தோல் பதனிடுவதற்காக ஓக் மரப்பட்டையை இடித்தவர்கள். சேக்முல்லர் மரம் அறுத்தவர், ஒல்முல்லர் எண்ணெய் எடுத்தவர். 1390இல் நியூரம்பெர்க் நகரத்துக்கு வெளியே உல்மன் ஷ்ட்ரோமர் என்ற வணிகர் ஒரு மாவு ஆலையைக் காகித ஆலையாக மாற்றினார். ஜெர்மனியில் காகிதம் செய்யும் ஆலை அதுதான் முதல். ஒரே ஓடையில் இரண்டு மூன்று ஆலைகள் வந்ததும் மறுபடியும் பிரித்துக் காட்ட வேண்டிய நிலை. மேல் ஆலைக்காரர் ஓபர்முல்லர், கீழ் ஆலைக்காரர் நீடர்முல்லர், புது ஆலைக்காரர் நொய்முல்லர், ஆற்றோர ஈரப் புல்வெளி ஆலைக்காரர் அவ்முல்லர்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: முல்லர்கள் எல்லோரும் ஒரே வம்சம் கிடையாது. ஆயிரக்கணக்கான ஓடைகளில் தனித்தனியாக முளைத்த பெயர் இது.


பனிமலை எழுதியது:

சுவிட்சர்லாந்திலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் முல்லர்தான் முதலிடம். ஆஸ்திரியாவில் மட்டும் கதை வேறு. அங்கே கிரூபர் முதலில், ஹூபர் அடுத்து. கிரூபர் என்றால் பள்ளத்தாக்கில், குழிவான நிலத்தில் வீடு உள்ளவர். தனித்தனிப் பண்ணை வீடுகளாகச் சிதறிக் கிடந்த மலைநாட்டில் தொழிலைவிட வீடு இருந்த இடம் நன்றாக அடையாளம் காட்டியது.

ஜெர்மன் எல்லைக்கு வெளியே பார்த்தால் கணக்கன், ஏட்டுச்சுவடி இருவர் சொல்வதிலும் உண்மை இருப்பது தெரியும். உக்ரைனில் மிக அதிகமான குடும்பப் பெயர் மெல்னிக், அதுவும் ஆலைக்காரர்தான். ஹங்கேரியில் மோல்னார் முன்வரிசை. டச்சுக்காரர்களிடம் முல்டர், ஃபிரெஞ்சுக்காரர்களிடம் மெனியே. மொழி எதுவானாலும் ஆலைக்காரர் தனித்துத் தெரிந்திருக்கிறார்.

அமெரிக்காவை விட்டுவிடக் கூடாது. 2010 கணக்கெடுப்பில் மில்லர் அங்கே ஏழாவது பெயர், சுமார் 11.6 லட்சம் பேர். இங்கிலாந்தில் அது முதல் பத்துக்குள்கூட வராத பெயர். இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம், கப்பலேறிப் போன முல்லர்கள் அங்கே மில்லர் ஆனதுதான். சிலர் வந்தவுடன், சிலர் அடுத்த தலைமுறையில், பலர் முதல் உலகப் போரின்போது ஜெர்மன் பெயருக்கு எதிர்ப்புக் கிளம்பியபோது. ஒஹையோவின் ஹோம்ஸ் மாவட்டத்தில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்களிடையே மில்லர்தான் அதிகம். அவர்கள் வீட்டில் இன்றும் ஜெர்மன் கிளைமொழிதான் பேசுகிறார்கள்.


நெக்கார்கரை எழுதியது:

எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. கணக்கன், ஒரு சந்தேகம். கொல்லருக்கும் சொல் நாடு முழுதும் ஒன்றுதானே? கொல்லரும் ஊருக்கு ஒருவர். அப்படியானால் ஷ்மிட் ஏன் இரண்டாவது?


கணக்கன் எழுதியது:

எழுத்துக்கூட்டல்தான் காரணம். ஷ்மிட் என்பதை மூன்று நான்கு விதமாக எழுதி, ஒவ்வொன்றும் தனிப் பெயராகக் கணக்கில் ஏறிவிட்டது. கடைசியில் 'dt' வைத்த ஷ்மிட் பெரும்பான்மை, 'tt' வைத்தது ரைன், ஃப்ராங்கோனியா பக்கம், ஒற்றை 'd'யில் முடிவது பவேரியா, ஷ்வாபியா, சுவிஸ் பக்கம், கொலோன் சுற்றி ஷ்மிட்ஸ். எல்லாவற்றையும் கூட்டினால் முல்லரும் மொல்லரும் சேர்ந்த கூட்டத்தோடு ஷ்மிட் கூட்டம் தோளோடு தோள் நிற்கும்.

மயர் இன்னும் நல்ல உதாரணம். அதை நான்கு விதமாக எழுதுகிறார்கள். வடக்கில் ஒரு எழுத்து முறை, பவேரியாவில் ஒன்று, ஷ்வாபியாவில் ஒன்று. காதுக்கு ஒன்றே, பதிவேட்டில் நான்கு. 1876 ஜனவரி 1 முதல் ஜெர்மானியப் பேரரசு முழுதும் அரசு பதிவாளர் முறை வந்தது. அதுவரை பாதிரியார் கைக்கு வந்தபடி எழுதிவந்த பெயர்கள் அன்றைக்கு எந்த உருவத்தில் இருந்தனவோ அப்படியே உறைந்துவிட்டன. அண்ணன் ஒரு மாதிரி, தம்பி ஒரு மாதிரி எழுதிய குடும்பங்கள் இரண்டு பெயராகப் பிரிந்தன.

முல்லரை எழுத ஒரு வழிதான் பெரிதாகப் பரவியது. முதலிடம் அதனால்தான் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.


கொழும்புத்துறை எழுதியது:

இவ்வளவு நேரமும் பேசாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். டோர்ட்முண்டில் இருக்கிறேன்.

எங்கட ஆக்கள் அகதியாய் வந்து பதிந்தபோது அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயர் கட்டத்தில் ஏறியது. அதனால் ஒரு வீட்டில் மனுசனுக்கு ஒரு குடும்பப் பெயர், மனுசிக்கு இன்னொன்று, பிள்ளைகளுக்கு எது என்று அலுவலகத்தில் கேள்வி. நிறையப் பேர் இதை அனுபவித்திருப்பீர்கள். பிறகுதான் தெரிந்தது, இந்த நாட்டிலேயே அப்பா பெயரை வைத்துக்கொண்ட மக்கள் இருந்திருக்கிறார்கள் என்று. வடகடல் ஓரத்து ஃப்ரீசியர்கள். யான் என்பவரின் மகன் யான்சன், அவன் மகனுக்கு வேறு. 1811இல் நெப்போலியன் ஆட்சி இதை நிறுத்தி நிலையான குடும்பப் பெயர் எடுக்கச் சொன்னது. ஆனாலும் பழக்கம் நெடுநாள் விடவில்லை. 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பெயர்ச் சட்டம் ஃப்ரீசியர்களுக்குப் பழைய முறையில் பெயர் வைக்க மறுபடி இடம் கொடுத்திருக்கிறது. கணவன் மனைவி இருவரும் இரட்டைப் பெயர் வைக்கவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. எனக்கு இந்தச் செய்தி உண்மையிலேயே சந்தோஷமாய் இருந்தது.

முல்லர் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். இங்கே நினைத்தபடி குடும்பப் பெயரை மாற்ற முடியாது, தகுந்த காரணம் காட்ட வேண்டும். ஆனால் பெயர் மாற்றத்துக்கான நிர்வாக விதிகளில், அளவுக்கு மீறிப் பரவிய பெயர் என்பதையே ஒரு காரணமாக ஏற்றிருக்கிறார்கள். 'கூட்டுப் பெயர்' என்று அதற்குத் தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். முல்லர், மயர், ஷ்மிட், ஷுல்ட்ஸ் எல்லாம் அந்த வகை. நாடாளுமன்றக் குறிப்புகளைப் பார்த்தாலும் தெரியும்: ஒரே பெயரில் பல உறுப்பினர்கள் இருந்தால் பக்கத்தில் தொகுதியைப் போடுவார்கள். முல்லர் (பிரவுன்ஷ்வைக்), முல்லர் (எர்லாங்கன்), முல்லர் (கெம்னிட்ஸ்).


கோவை_மாணவி எழுதியது:

சென்னையில் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவன் ஞாபகம் வந்தது. ஜெர்மன் மொழி, பண்பாட்டு மையமான கதே நிறுவனத்துக்கு இந்தியாவில் மட்டும் அந்தப் பெயர். மாக்ஸ் முல்லர் ஜெர்மனியின் டெஸாவில் 1823இல் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் வேத ஆய்வு செய்தவர். அவருடைய குடும்பப் பெயர் வெறும் முல்லர்தான். அது மிகப் பரவலாக இருக்கிறது என்று நினைத்து, தன் முதல் பெயர்களில் ஒன்றான மாக்ஸையும் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொண்டார் என்று படித்தேன். கொழும்புத்துறை அண்ணா சொன்ன 'கூட்டுப் பெயர்' சிக்கலை அவர் தானாகவே தீர்த்துக்கொண்டிருக்கிறார்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

ஆமாம், அவருக்கு நானூறு ஆண்டுக்கு முன்னால் இன்னொருவரும் இருக்கிறார். வானியலாளர் ரெஜியோமொன்டானுஸ் (1436–1476) பிறந்தபோது யோஹான்னஸ் முல்லர். ஃப்ராங்கோனியாவின் கியோனிக்ஸ்பெர்க் என்ற தன் ஊர்ப் பெயரின் லத்தீன் வடிவத்தால் உலகம் அவரை அறிகிறது.

ஆலைக்காரர்களின் சமூக நிலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது இந்தப் பெயருக்குள் இருக்கும் வேதனையான பகுதி. பல பிரபுக்களின் நிலத்தில் 'ஆலைக் கட்டாயம்' இருந்தது. குறிப்பிட்ட ஆலையில் மட்டுமே அரைக்க வேண்டும், வேறு எங்கும் தானியம் கொண்டுபோகக் கூடாது. அரவைக் கூலியைப் பணமாக வாங்காமல் தானியமாகவே அளந்து எடுப்பார்கள், பல இடங்களில் பதினாறில் ஒரு பங்கு. அளக்கும் மரக்கால் ஆலைக்காரர் கையில். உழவருக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? விதித்தது பிரபு, வசவு வாங்கியது ஆலைக்காரர். பல நகரங்களில் அவர் பிள்ளைகளைக் கைவினைஞர் சங்கங்களில் (கில்டு) சேர்க்க மறுத்தார்கள். 1548இல் பேரரசுச் சட்டம் தலையிட்டு, ஆலைக்காரர், துணி நெய்பவர், ஆட்டு இடையர், நாவிதர், சுங்கக்காரர், குழல் ஊதுபவர் ஆகியோரின் பிள்ளைகளை ஒதுக்கக் கூடாது என்று ஆணையிட்டது. 1577இல் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது. முதல் ஆணையை யாரும் பெரிதாக மதிக்கவில்லை என்று இதிலிருந்தே தெரிகிறது. பிரஷியாவில் ஆலைக் கட்டாயம் 1810இல்தான் ஒழிந்தது.

பெயரும் தொழிலும் எவ்வளவு தூரம் பிரிந்துவிட்டன என்பதற்கு 18ஆம் நூற்றாண்டில் ஒரு வழக்கு. நாட்டையே உலுக்கிய ஆலைக்காரர், ஆனால் பெயர் முல்லர் கிடையாது. கிறிஸ்டியன் ஆர்னோல்ட். ஓடர் ஆற்றுக்குக் கிழக்கே பொம்மர்ட்ஸிக் என்ற ஊருக்குப் பக்கத்தில் நீராலை நடத்தினார். மேலே இருந்த நிலக்கிழார் கெண்டை மீன் வளர்க்கக் குளம் வெட்டினார். ஓடையில் தண்ணீர் குறைந்து சக்கரம் நின்றது, அரவை இல்லை, குத்தகை கட்ட முடியவில்லை. ஆலையை ஏலம் போட்டார்கள். நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாக அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லின. கடைசியில் விஷயம் பிரஷிய அரசர் இரண்டாம் ஃப்ரீட்ரிக் காதுக்குப் போனது. 1779 டிசம்பரில் அவர் நீதித்துறைத் தலைவரான சான்சலரைப் பதவியிலிருந்து நீக்கி, நீதிபதிகளைச் சிறையில் அடைத்து, ஆர்னோல்டுக்கு ஆலையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். ஏழைகள் அரசரைக் கொண்டாடினார்கள். அரசர் இறந்த பிறகு அந்த நீதிபதிகள் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பு மாறியது. ஓர் அரசர் நீதிமன்றத்தில் தலையிடலாமா என்ற விவாதத்தில் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இந்த வழக்கை எடுக்கிறார்கள். என் மனம் ஆர்னோல்ட் பக்கம்தான். தண்ணீர் வராத ஆலைக்குக் குத்தகை கேட்பது எந்த நியாயம்?


பனிமலை எழுதியது:

இன்றைய தொழில் நிலையையும் சேர்த்துவிடலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் ஆயிரக்கணக்கில் இருந்த சின்ன ஆலைகளை 1950களின் கடைசியில் அரசே உதவித்தொகை கொடுத்து மூடவைத்தது. இன்று கணக்கு காட்ட வேண்டிய அளவுள்ள பெரிய மாவு ஆலைகள் இருநூறுகூடத் தேறாது. இதில் இன்னொரு விஷயம்: தொழிற்பயிற்சிப் பட்டியலில்கூட 'முல்லர்' என்ற பழைய தொழில்பெயர் இப்போது இல்லை. 2017இலிருந்து அந்தப் பயிற்சியின் பெயர் 'ஆலை மற்றும் தானியத் தொழில் செயல்முறைத் தொழில்நுட்பர்'. பழைய ஆலைகளைப் பார்க்க ஆசை இருந்தால் பெந்தகொஸ்தே மறுநாள் திங்கட்கிழமை போங்கள். 1994 முதல் அன்று நாடு முழுதும் ஆலை நாள், பல இடங்களில் சக்கரத்தைச் சுற்றவிட்டு மாவும் அரைத்துக் காட்டுவார்கள்.


துரிங்கியா_மருமகள் எழுதியது:

என் கணவர் வீட்டார் முல்லர். மாமனார் ரயில்வேயில் இருந்தவர், அவர் அப்பா கண்ணாடித் தொழிலாளி. அதற்கு மேலே யாருக்கும் தெரியவில்லை. எந்தத் தலைமுறையில் ஆலை இருந்தது என்று தேட முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?


ஏட்டுச்சுவடி எழுதியது:

தேடலாம் அம்மா. பின்னாலிருந்து மேலே ஏறுங்கள். 1876 வரை பதிவாளர் அலுவலக ஏடுகள் கைகொடுக்கும். பிறப்புப் பதிவு 110 ஆண்டு, திருமணப் பதிவு 80 ஆண்டு, இறப்புப் பதிவு 30 ஆண்டு கடந்ததும் பொதுக் காப்பகத்துக்கு வந்துவிடும், யாரும் பார்க்கலாம். அதற்குள் உள்ளவற்றைக் கேட்க உங்கள் கணவர்தான் நேரடி வாரிசாக விண்ணப்பம் போட வேண்டும்.

1876க்கு முன்னால் தேவாலய ஏடுகள்தான். துரிங்கியா அந்தக் காலத்தில் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் என்பதால், அந்தச் சபை ஏடுகளை இணையத்தில் தரும் ஆர்க்கியோன் தளத்தில் உங்கள் ஊர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சபைக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். கத்தோலிக்கக் கிளை இருந்தால் மாட்ரிகுலா தளம், அது இலவசம். பல ஊர்களில் 16, 17ஆம் நூற்றாண்டு வரை போகலாம், முப்பதாண்டுப் போரில் ஏடு எரிந்த ஊர்களைத் தவிர.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பெண்கள் பெயருக்கு 18ஆம் நூற்றாண்டு வரை 'இன்' சேர்த்து எழுதியிருப்பார்கள், முல்லரின் என்று இருந்தால் அது வேறு குடும்பம் கிடையாது. அப்புறம், லத்தீன் தெரிந்த பாதிரியார் 'மோலிட்டர்' என்று எழுதியிருந்தால் அது தொழிலா, குடும்பப் பெயரின் மொழிபெயர்ப்பா என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அதே ஆளுக்கு அடுத்த பிள்ளையின் ஞானஸ்நான வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆலையின் பெயரோ ஓடையின் பெயரோ பக்கத்தில் வந்தால் தொழில் உறுதி.

எழுத்து பழைய குர்ரென்ட் கையெழுத்து, முதலில் மிரட்டும். எந்தப் பக்கத்திலாவது சிக்கினால் படத்தை இங்கேயே போடுங்கள், சேர்ந்து வாசிக்கலாம்.


துரிங்கியா_மருமகள் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. மாமியாரிடம் தாத்தாவின் திருமணச் சான்றிதழ் இருப்பதாகச் சொல்கிறார். வார இறுதியில் வாங்கிப் படம் எடுத்துப் போடுகிறேன்.